தோட்டத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் முன்

நீலகிரியில், கேத்தி பாலாடா பக்கம் ஒரு சரிவில் எங்கள் பங்குத் தோட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு போட்ட நிலம். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். பதினான்கு குடும்பங்கள் சேர்ந்து வருஷக் குத்தகைக்கு எடுத்து, ஆளுக்கு இரண்டு சென்ட் துண்டு என்று கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டோம். ஓடைத் தண்ணீர், சாமான் வைக்க ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்கு ஆளுக்கொரு சாவி. நான் மருந்து தெளிப்பானும் சின்ன பம்பும் ரிப்பேர் பார்க்கிறவன். கடை போகிற வழியில் இருப்பதால், தோட்டம் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் சாவியை என் மேஜையில்தான் வைத்துவிட்டுப் போவார்கள்.

வைக்கும்போது எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "மனசு விட்டுப்போச்சுண்ணே."

பம்ப் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் இப்படித்தான், வரும்போதே "மோட்டார் போச்சு" என்பார்கள். பிரித்துப் பார்த்தால் பல நேரம் உறிஞ்சுகுழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் இலை அடைத்திருக்கும். அதனால் சாவியை வாங்கும் முன் நானும் நாலு கேள்வி கேட்க ஆரம்பித்தேன். எட்டு வருஷமாகக் கேட்டதில் தெரிந்தது, விட்டுப்போனது மனசு என்று சொன்னவர்களில் பலருக்கும் கோளாறு வேறு எங்கோ இருந்தது. பஸ் நேரத்தில், மண்ணில், தோட்டத்தின் அளவில், சிலருக்கு ரத்தத்தில்.

உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

## அறிகுறி 1: தோட்டத்துப் பக்கம் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் இந்தத் தலைப்பை மூடிவிடலாம். தென்மேற்கு மழையில் மூன்று வாரம் வராதவருக்கு ஒரு கோளாறும் இல்லை, ஸ்வெட்டர் காயவில்லை, அவ்வளவுதான்.

மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. வீட்டிலிருந்து தோட்டம் வரை நீங்கள் செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இப்படித்தான் சாவியோடு வந்தார். வேலை முடிந்து பஸ் பிடித்து இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். அதற்குப் பிறகு பாதை ஏறி, கொட்டகை திறந்து, பூட்ஸ் மாற்றி நிமிர்ந்தால் டிசம்பரில் இருட்டிவிடும். இருட்டில் காட்டு மாடு நிற்கும் பாதை அது. அவருக்குச் சலிப்பு என்று யார் சொன்னது? அவர் பீன்ஸும் லெட்டூஸும் போட்டிருந்தார். இரண்டுமே இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆள் வர வேண்டிய பயிர். அதை எடுத்துவிட்டுப் பூண்டு, உருளை, அவரை என்று மாற்றினோம். சனிக்கிழமை காலை ஒரு நடை போதும். சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

நேரமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது, கால்தான் போக மறுக்கிறது. உங்கள் துண்டில் களை எவ்வளவு? உண்மையைச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, வராமல் இருப்பதற்குக் களையைப் போல வலுவான காரணம் வேறு இல்லை. ஒரு வாரம் தவறினால் களை, களையைப் பார்க்க வெட்கம், வெட்கத்தில் அடுத்த வாரமும் தவறுகிறது. பக்கத்துத் துண்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து ஓடியவர்கள் எனக்குத் தெரிந்து நிறைய.

இங்கே இரண்டு களை முக்கியம். ஒன்று கிக்யூ புல், கயிறு மாதிரி ஓடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இன்னொன்று புளியாரை. அழகாக ஊதாப் பூ வைத்துக்கொண்டு நிற்கும், பிடுங்கினால் இலை மட்டும் கையோடு வரும், குட்டிக் குட்டிக் கிழங்குகள் கீழேயே உதிர்ந்துவிடும். கொத்தக் கொத்தப் பெருகும். இதை முழுக்க ஒழிக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கியவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை.

செய்ய வேண்டியது இது. வாசல் ஓரம் நாலு அடிக்கு நாலு அடி மட்டும் சுத்தம் செய்யுங்கள். மீதியை அட்டைப்பெட்டி பிரித்து மூடி, மேலே மண்ணோ காய்ந்த புல்லோ போட்டுவிடுங்கள். மளிகைக் கடையில் கேட்டால் அட்டை சும்மாவே கிடைக்கும், டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள். அந்த நாலடியில் முள்ளங்கி போடுங்கள். ஒன்றரை மாதத்தில் கையில் ஏதாவது வந்துவிடும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் துண்டைப் பாதியாக்குங்கள். இரண்டு சென்ட் என்பது 871 சதுர அடி. வேலைக்கும் போய்க்கொண்டு ஒரே ஆள் பார்க்க அது அதிகம். காகிதத்தில் சின்னதாகத் தெரியும், மண்வெட்டியைப் பிடித்தால்தான் தெரியும். காத்திருப்பவருக்குப் பாதியைக் கொடுத்தால் குத்தகையும் பாதியாகும்.

செலவு வைக்கும் கடைசி வழி: ஒரு நாள் கூலிக்கு ஆள் வைத்துக் கையால் களை எடுப்பது. மிஷின் வைத்து உழ வேண்டாம். புல்லின் ஓடுதண்டும் புளியாரைக் கிழங்கும் நூறு துண்டாகி, அடுத்த மழைக்கு நூறு இடத்தில் முளைக்கும். நானே மிஷின் ரிப்பேர் பார்க்கிறவன், நானே சொல்கிறேன்.

## அறிகுறி 2: ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விட்டது

இந்த அறிகுறியோடு வருகிறவர்கள் காலை எட்டு மணிக்கு முன்பே கடை வாசலில் நிற்பார்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அவர்களுக்கு ஒரே ஒரு விதி: அன்றைக்கு எதையும் பிடுங்கக் கூடாது, அன்றைக்கு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஒரு டீ குடித்துவிட்டு, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுபடி மேலே போய், எது செத்தது, எது பிழைத்தது என்று எண்ணி எழுத வேண்டும். "எல்லாம் போச்சு" என்று வந்தவர்கள் எண்ணிய பிறகு "எல்லாம்" என்ற சொல்லைத் திரும்பச் சொன்னது அபூர்வம்.

அப்புறம்தான் காரணம். நாலு விதமாக வரும்.

### இலை கறுத்து, வெந்த கீரை மாதிரி தொங்குகிறது. மாதம் நவம்பர் கடைசி முதல் பிப்ரவரிக்குள்

உறைபனி. மேல் இலைகள் ஒரே நேரத்தில் கருகியிருக்கும், சரிவின் மேல்பக்கத்தைவிடக் கீழ்ப்பக்கம் அதிகமாக அடி வாங்கியிருக்கும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதனால்தான் ஊட்டியிலும் தலைகுந்தா மாதிரிப் பள்ளங்களில் புல்வெளி வெள்ளையாகிறது.

பயிர் வாரியாகப் பாருங்கள். பீன்ஸ் போனது போனதுதான், பிடுங்கி எருக்குழியில் போடலாம். கேரட்டுக்கு இலை நுனி கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, குளிர் பட்ட கேரட் இன்னும் இனிக்கும். முட்டைகோஸும் பூண்டும் தாங்கும். பட்டாணியில் பூவும் பிஞ்சும் போகும், செடி நிற்கும். உருளை எந்த வயதில் இருக்கிறது என்று பாருங்கள். இளஞ்செடி என்றால் பத்து நாள் விட்டுவிடுங்கள், அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மூன்று மாதம் தாண்டியிருந்தால் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள், சாப்பிடும் அளவுக்குக் கிழங்கு இருந்தால் எடுத்துவிடலாம்.

பக்கத்து ஹட்டியில் (படகர் கிராமம்) இருக்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. சாயங்காலம் நன்றாக இருட்டியதும் வெளியே வந்து நில்லுங்கள். வானத்தில் மேகம் இல்லை, காற்று அசையவில்லை, நட்சத்திரம் பளிச்சென்று இருக்கிறது என்றால் அன்றைக்கு ராத்திரி செடியை மூட வேண்டும். சாக்கு, காய்ந்த புல், பழைய வேட்டி எதுவும் சரி. பிளாஸ்டிக் இலை மேல் படும்படி போட வேண்டாம், படுகிற இடம் கருகும். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பெரிய தோட்டக்காரர்கள் விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பனி படிந்த இலை மேல் வெயில் படும் முன் கழுவிவிடும் வேலை அது. நமக்குப் பூவாளி போதும்.

அடுத்த வருஷத்துக்கு: பீன்ஸைத் துண்டின் மேல்பக்கத்துக்குக் கொண்டு போங்கள். கீழ்ப்பக்கம் கோஸ், பூண்டு.

### இலையில் பழுப்புத் திட்டு, தண்டு கறுக்கிறது, அழுகல் வாடை. மூடுபனி விடாமல் நாலைந்து நாள் இருந்தது

உருளையிலோ தக்காளியிலோ வந்தால் பெரும்பாலும் கருகல் நோய். உறைபனியா, கருகலா என்று சந்தேகம் வந்தால் டிபன் பாக்ஸ் சோதனை செய்யுங்கள். ஈரமான பேப்பரை டப்பாவில் விரித்து, திட்டு இருக்கும் இலையை அடிப்பக்கம் மேலே தெரியும்படி வைத்து மூடி, ராத்திரி சமையலறையில் வையுங்கள். காலையில் திட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தால் கருகல். வீட்டில் வசவு விழும், டப்பாவை அப்புறம் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.

உறுதியானால் அழ நேரமில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்திருக்கிறது என்றால் அந்தச் செடிகளைப் பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள், எருக்குழியில் போடக் கூடாது. மிச்சச் செடிக்குப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும்) அடிக்கலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் செடி முழுவதையும் தரை மட்டத்தில் அறுத்து எடுத்துவிட்டு, கிழங்கை மண்ணுக்குள்ளேயே இரண்டு வாரம் விடுங்கள். தோல் இறுகும், மேல்மண்ணில் விழுந்த நோய் வித்தும் கிழங்கில் ஒட்டாது. அவசரப்பட்டு அன்றைக்கே தோண்டியவர் கிழங்கு மூட்டையிலேயே அழுகியதை நான் பார்த்திருக்கிறேன், வாடை வேறு.

இது உங்கள் கவனக்குறைவால் வந்ததில்லை. பாலாடா முழுக்க ஒரே வாரத்தில் பரவும். பக்கத்தில் யாரிடமாவது கேளுங்கள், அவருக்கும் வந்திருக்கும். தோல்வி நமக்கு மட்டும் என்று நினைக்கும்போதுதான் சாவி கனக்கிறது.

### செடி கடிபட்டிருக்கிறது, மிதிபட்டிருக்கிறது, மண் கிளறியிருக்கிறது

யார் வந்தது என்று மண்ணே சொல்லும். பெரிய பிளவுக் குளம்பு, பாத்தி நசுங்கி, கோஸும் கேரட் இலையும் மேலாக மேய்ந்திருந்தால் காட்டு மாடு. பேப்பரில் காட்டெருமை என்று போடுவது அதைத்தான். கலப்பை ஓட்டிய மாதிரி மண் புரண்டிருந்தால் பன்றி. கிழங்கைத் தேடித் தோண்டி, உளி வைத்த மாதிரி பல் தடம் இருந்தால் முள்ளம்பன்றி. குரங்கு என்றால் பறித்து ஒரு கடி கடித்துப் போட்டிருக்கும்.

செலவில்லாதது: மாடும் பன்றியும் விரும்பும் பயிரை ஓடைப் பக்கத்திலிருந்து நகர்த்துவது, விழுந்த காயையும் காய்கறிக் கழிவையும் திறந்த குழியில் போடாமல் இருப்பது. பன்றி முதலில் வருவது குழிக்குத்தான். அடுத்து, பதினான்கு பேரும் பங்கு போட்டு ஒரே வேலி. தனித்தனியாக அவரவர் துண்டுக்கு வேலி போட்டு நாங்கள் வீணாக்கிய காசு கொஞ்சமில்லை.

கரன்ட் லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் விடலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். சட்டப்படி குற்றம், முதலில் சாவது நம் வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மிருகம் இன்னும் தோட்டத்திலேயே நிற்கிறது என்றால் விரட்டப் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் காட்டு மாட்டிடம் நெருங்கிப் போய் போட்டோ எடுப்பது வீரமில்லை. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். சேதத்தைச் சரி செய்யும் முன் போட்டோ எடுத்து, நில உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

### மழையில் பாத்தியே காணோம்

2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்ததை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளவு வேண்டாம், அதில் பத்தில் ஒரு பங்கு பெய்தாலே, மேலிருந்து கீழாகப் பார் (மண்மேட்டு வரிசை) பிடித்த துண்டில் மண் நிற்காது. தண்ணீர் வடியட்டும் என்று அப்படிப் பிடிக்கிறார்கள். வடிகிறது, மண்ணோடு வடிகிறது. பாரைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள், கீழ் ஓரத்தில் ஒரு வரிசை புல் நடுங்கள். சொந்தக் கையால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மேலே மண்ணில் வெடிப்பு, தடுப்புச்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, வராத இடத்தில் தண்ணீர் ஊறுகிறது என்றால் அது தோட்டப் பிரச்சினை இல்லை. எல்லாரையும் வெளியே வரச் சொல்லிவிட்டு, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு போன் செய்யுங்கள்.

## அறிகுறி 3: போட்ட விதை முளைக்கவே இல்லை

கேரட்டா? பத்து நாள்தானே ஆகிறது? காத்திருங்கள். குளிர் மண்ணில் இரண்டு வாரம்கூட எடுக்கும். ஒன்பதாம் நாள் கோபத்தில் கிளறி மறுபடி விதைப்பவர்தான் நம்மில் அதிகம். பாத்தி ஓரத்தில் நாலு முள்ளங்கி விதையும் கலந்து போடுங்கள், அது முதல் வாரமே தலை நீட்டி வரிசையைக் காட்டும், கையும் சும்மா இருக்கும். மூன்று வாரம் தாண்டியும் ஒன்றும் இல்லை என்றால் பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள்.

## அறிகுறி 4: மூன்று வருஷமாக அதே உழைப்பு, அதே சொத்தைக் காய்

இவர்கள்தான் எனக்கு ரொம்பப் பாவமாகத் தெரிகிறவர்கள். ஒரு நாள் பனியில் போனால் பனியைத் திட்டலாம். வருஷா வருஷம் சுண்டு விரல் அளவு கேரட் வந்தால் தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்கள். "எனக்குக் கை ராசி இல்லண்ணே."

கை ராசியைப் பற்றிப் பேசும் முன், மோசமான இடத்திலிருந்து மூன்று செடியை வேரோடு தோண்டி (பிடுங்காமல், தோண்டி) ஒரு வாளித் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேரட் கூட்டமாக, மெலிந்து: கலைக்கவில்லை. நாலு விரலுக்கு ஒன்று விட்டு மீதியை எடுத்திருக்க வேண்டும். முளைத்ததைப் பிடுங்க மனசு வராதவர்களுக்கு இது வரும். செலவு ஒன்றும் இல்லை, கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும்.

கேரட் இரண்டு கால், மூன்று கால்: கல், அல்லது மக்காத சாணி. சாணியை முந்தின பயிருக்குப் போடுங்கள்.

வேரில் மணி மணியாக முடிச்சு, கேரட்டில் மயிர் மயிராகச் சல்லிவேர்: வேர்முடிச்சு நூற்புழு. வேப்பம் புண்ணாக்கு, ஒரு போகம் செண்டுமல்லி, பயிர் மாற்றம்.

உருளை வேரில் குண்டூசித் தலை மாதிரி வெள்ளை, மஞ்சள் உருண்டை: இது பெரிய ஆள். முட்டைக்கூடு நூற்புழு, நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கூடு மண்ணில் பல வருஷம் தூங்கும். எங்கள் தோட்டத்தில் கீழ் மூன்று துண்டிலும் இருக்கிறது, பழைய உருளைக் காட்டில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். செடி பூக்கும் சமயத்தில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியும், பிறகு பழுப்பாகி மண்ணோடு கலந்துவிடும். மருந்து தேடி அலைய வேண்டாம். மூன்று நாலு வருஷம் அந்த இடத்தில் உருளை வேண்டாம், கேரட்டும் கோஸும் பூண்டும் போடுங்கள். உருளை இல்லாமல் முடியாது என்றால் குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி தாங்கும் ரகத்தைக் கேளுங்கள். முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, நமக்கு பஸ் தூரம்தான்.

கோஸ் மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்கிறது. வேர் இஞ்சி மாதிரி வீங்கியிருக்கிறது: வேர் வீக்க நோய். புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய மண்ணில் வளரும். கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, டர்னிப் எல்லாம் ஒரே குடும்பம், அந்த இடத்தில் பல வருஷத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். வீங்கிய வேரைத் தோட்டத்தில் வைக்காதீர்கள். மண்வெட்டியை இரவல் கொடுக்கும் முன் கழுவிக் கொடுங்கள், வாங்கியவரும் கழுவித் தரட்டும். எங்கள் தோட்டத்தில் அது பரவியது என் மண்வெட்டியில்தான். ஒப்புக்கொள்கிறேன்.

வேர் சுத்தமாக இருக்கிறது, செடி மட்டும் வளரவில்லை: மண் பரிசோதனை. மலை மண் பொதுவாகவே புளிப்பு, எவ்வளவு புளிப்பு என்று தெரியாமல் எரு கொட்டுவது, டேங்க்கில் ஓட்டை இருக்கும்போது பம்பை மாற்றுகிற கதை. பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நாலாகப் பிரித்து எதிர் எதிர் பாகத்தைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் தோட்டக்கலைத் துறை ஆபீஸில் கொடுங்கள். எந்த அளவு டோலமைட் சுண்ணாம்பு என்று சீட்டில் வரும். சுண்ணாம்பையும் சாணி எருவையும் ஒரே நாளில் போட வேண்டாம், சத்து ஆவியாகிவிடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

கை ராசி இல்லை என்று சொன்னவருக்கு வந்த சீட்டை நான்தான் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு போட்ட அடுத்த பருவத்தில் ஒரு பீட்ரூட்டைக் கடை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். எடை போட்டுப் பார்த்தேன், முக்கால் கிலோ.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: வேரில் கண்டது மேலே உள்ள எதிலும் சேரவில்லை, இரண்டு பருவம் சரி செய்தும் மாறவில்லை என்றால் செடியை மண்ணோடு எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலரைப் பாருங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551, தமிழில் பேசலாம். வேரைப் பார்த்துவிட்டுப் பேசினால் பதில் நன்றாக வரும்.

## அறிகுறி 5: பக்கத்துத் துண்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது

எரியட்டும். ஆனால் எரிகிற வயிற்றோடு மூன்று விஷயம் பாருங்கள். காலை வெயில் அவர் துண்டில் எத்தனை மணிக்கு விழுகிறது, உங்கள் துண்டில் எத்தனை மணிக்கு? எங்கள் சரிவில் ஒரு சில்வர் ஓக் நிழலால் மட்டும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அவர் என்றைக்கு நட்டார்? எத்தனை வருஷமாக எரு போடுகிறார்? முதல் வருஷத் துண்டை ஏழாம் வருஷத் துண்டோடு வைத்துப் பார்ப்பது நியாயமே இல்லை.

மூன்றும் சமம், ஆனாலும் அவருடையது நன்றாக இருக்கிறது என்றால் போய்க் கேளுங்கள். "எப்படிக்கா இவ்வளவு பெருசா?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் பதில் வரும், கையில் நாற்றும் வரும். போனில் வீடியோ பார்த்து எரிகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை. சமவெளியில் எடுத்த வீடியோவில் நாற்பது நாளில் வருவது இங்கே அறுபது நாள் ஆகும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

## அறிகுறி 6: விளைகிறது, ஆனால் "கடையிலேயே வாங்கிடலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள்

கணக்கில் அவர்கள் சொல்வது சரி. பாலாடாவில் இருந்துகொண்டு கேரட் வளர்த்துக் காசு மிச்சம் பிடிக்க முடியாது. மிஷினில் கழுவிய கேரட் லாரி லாரியாக நம் கண் முன்னால் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. ஆகவே கடையில் கிடைக்காததைப் போடுங்கள்: பச்சையாக உரித்துச் சாப்பிடும் பட்டாணி, பறித்த அன்றே வதங்கும் கீரை, கொத்தமல்லி. இருபது கோஸை ஒரே நாளில் நடாமல், மூன்று வாரத்துக்கு ஐந்தாக நடுங்கள். ஒரே வாரத்தில் இருபது கோஸ் வெட்டிய வீட்டில் அடுத்த வருஷம் கோஸ் என்ற பேச்சையே எடுக்க முடியாது. என் வீட்டில் இன்னும் முடியவில்லை.

## அறிகுறி 7: தோட்டத்தில் ஒரு குறையும் இல்லை, எனக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை

மேலே உள்ள எல்லாவற்றையும் பார்த்த பிறகு மட்டும் இங்கே வாருங்கள். வந்துவிட்டால் சீக்கிரம் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் உடம்பு. ஒரு டீச்சர், எங்கள் தோட்டத்திலேயே சுறுசுறுப்பானவர், இரண்டு வாளி தூக்கினாலே உட்கார ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ரத்தம் சோதித்ததில் தைராய்டு. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் ஏணி போட்டு அவரைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். ரத்தச்சோகை, சர்க்கரை, முட்டி, முதுகு என்று எதுவாகவும் இருக்கலாம். முட்டி என்றால் இடுப்பு உயரத்துக்குக் கல் அடுக்கி ஒரு பாத்தி கட்டலாம், நாங்கள் இரண்டு கட்டியிருக்கிறோம்.

அடுத்து, தோட்டம் மட்டும்தானா என்று பாருங்கள். தோட்டம் மட்டும் சலித்து, டீக்கடைப் பேச்சும் பேரன் சேட்டையும் கிரிக்கெட்டும் எப்போதும் போல இனிக்கிறது என்றால் வெறும் சலிப்பு. ஒரு பருவம் விடுங்கள், கொள்ளோ அவரையோ தூவிவிட்டு வீட்டில் இருங்கள். எதுவுமே இனிக்கவில்லை, தூக்கம் கெட்டுப்போனது, சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக இப்படியே என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்வேன், சில வேலையை மட்டும் கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பிவிடுவேன், அதில் எனக்கு வெட்கமில்லை. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. சுகாதார உதவி எண் 104-க்கும் பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலை காட்டினால் நாளைக்கு என்று தள்ளாமல் இப்போதே பேசுங்கள்.

பக்கத்துத் துண்டுக்காரர் இப்படி இருக்கிறார் என்று தோன்றினால், கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்து பாட்டிலைப் பூட்டி, அந்தச் சாவியை வேறு ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கொட்டகையில் அதற்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. ஏன் வந்தது என்று எழுதமாட்டேன்.

அப்புறம், சும்மா கூட நடங்கள். அறிவுரை வேண்டாம். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் மனைவி தவறிய பிறகு அவர் துண்டு நாலு மாதம் அப்படியே கிடந்தது. சாவியைக் கேட்கவும் இல்லை, அவர் தரவும் இல்லை. முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். மகள் வந்து ஊட்டியில் டாக்டரிடம் கூட்டிப் போனார். ஒரு நாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, யாருடைய பட்டாணியையோ உரித்துக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பக்கத்தில் இன்னொரு கூடையை வைத்தோம்.

## எப்போது நிஜமாகவே சாவியைக் கொடுக்கலாம்

வேலை மாற்றல், கைக்குழந்தை, படுத்திருக்கும் அப்பா அம்மா, டாக்டர் குனியக் கூடாது என்று சொன்ன முதுகு. அப்புறம், எல்லாம் சரி செய்து ஒரு முழு வருஷம் பார்த்தும், தோட்டத்துக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது என்றால், அதுவும் போதும். விளக்கம் கேட்கமாட்டேன். காய் இருக்கும்போது கொடுக்காதீர்கள், அறுவடை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கொடுக்காதீர்கள், மார்ச்சில் வெயில் வந்த பிறகு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ரயில்வே அண்ணன் போன மார்ச்சில் கொடுத்துவிட்டார். இரண்டு சென்ட் தன்னால் முடியாது என்றார், சரி என்று வாங்கிக்கொண்டேன். கொட்டகைக் கூரையில் ஏறியிருக்கும் மேரக்காய் (சவ்சவ்) கொடி மட்டும் அவர் மனைவி வைத்தது. பனியில் கருகிப்போய் மறுபடி கிழங்கிலிருந்து ஏறி வந்திருக்கிறது. காய்க்கிற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மஞ்சப்பையோடு வந்து கீழே நின்று "தம்பி, ஏணியைப் பிடி" என்பார். ஏறுவதும் நான்தான், பிடிப்பது அவர்.